உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இலைகள்: கண்டவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை ஒழுங்கை
கொட்டம்பா மரத்தை, அதாவது நாட்டு வாதுமையை, கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கை முடிவில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒன்று நிற்கிறது. மாசியில் முழுக்கச் சிவந்து கொட்டித் தீர்த்தது. தெருவிளக்கை ஒட்டிய கொப்பு மட்டும் இலையை விடவில்லை. வேலை முடிந்து வரும்போது நின்று பார்த்தேன். கையகலத்தைவிடப் பெரிய இலை, கருஞ்சிவப்பு, நடு நரம்பில் மட்டும் பச்சை மிச்சம். அதே கொப்பின் நுனியில் புதுத் துளிர். மருதானைப் பக்கம் போகும் ரயில் கடகடத்துப் போனது, அந்தக் காற்றுக்கும் இலை விழவில்லை. ஏன் அந்தக் கொப்பு மட்டும்?

கொட்டாஞ்சேனை
கொழும்பில் ஏது இலையுதிர்காலம்? கொட்டம்பா வருடத்தில் இரண்டு தரம் கொட்டும், அவ்வளவுதான். உண்மையான இலையுதிர்காலத்தை நான் கண்டது டொரொண்டோவில், நவம்பர் கடைசியில். அக்கா வீட்டுப் பின்பக்கம் மேப்பிள்கள் மொட்டை. ஒரு சின்ன ஓக் மட்டும் காய்ந்த பழுப்பு இலைகளோடு சரசரத்துக்கொண்டு நின்றது. மேலே பனி வேறு. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். இலை கிழிந்து கையோடு வந்தது, காம்பு கொப்பிலேயே நின்றது! மரம் பட்டுப்போச்சு என்றா அக்கா. வசந்தத்தில் நன்றாகத் துளிர்த்ததாம்.

தெகிவளை
அக்கா சொன்னது பிழை. இலை விழ வேண்டுமென்றால் காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகி அதை வெட்டிவிட வேண்டும். ஓக், பீச் மரங்களில், அதுவும் இளம் மரங்களிலும் கீழ்க்கொப்புகளிலும், அந்த வேலை இலையுதிர்காலத்தில் முடிவதில்லை. இலை செத்தாலும் வசந்தம் வரை தொங்கும். வெள்ளவத்தைக்காரர் கேட்டது வேறு விஷயம். குளிர்நாட்டு நகரங்களில் தெருவிளக்குப் படும் மரங்கள் பிந்தித்தான் கொட்டும், இரவு வெளிச்சத்தில் பகல் நீள்வதாக மரம் எடுத்துக்கொள்கிறது. கொட்டம்பாவுக்கும் அப்படியா என்று ஒரு கொப்பை வைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் விளக்கு மேல்தான்.

பம்பலப்பிட்டி மாடிவீடு
எங்கள் கூரைப் பீலியில் கொட்டம்பா இலை அடைத்து, மழைத்தண்ணீர் சுவர் வழியே வரவேற்பறைக்குள் வந்தது. ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன்: இலை சிவக்கத் தொடங்கியதுமே ஏணி வைத்துப் பீலியைப் பாருங்கள். மழை தொடங்கிய பிறகு ஏறாதீர்கள், பாசி வழுக்கும். கீழே விழுந்த இலை சட்டி மாதிரிக் குழிந்து கிடக்கும், அதில் நிற்கும் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். தும்புத்தடியால் ஓரமாக ஒதுக்கிவிட்டால் காணாது, அள்ளிக் குழியில் போட்டு உக்க விடுங்கள். எரிக்க வேண்டாம், மேல்மாடிக்காரர் சண்டைக்கு வருவார்கள். நல்லதாக நாலு இலையைக் காயவைத்து மீன்தொட்டியில் போடலாம், ஃபைட்டர் மீனுக்கு நல்லது. கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், பாவம்.

கொட்டாஞ்சேனை
பீலியைப் பற்றி யார் கேட்டது? தெகிவளை அண்ணா, உங்கள் விளக்குக் கதை எங்கள் முற்றத்தில் எடுபடாது. அங்கே விளக்கே இல்லை. எங்கள் கொட்டம்பாவிலும் ஒரு கொப்பு கடைசியில்தான் கொட்டும், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துக் கொப்பு. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?