பிளாகர் பதிவுகளை வேர்ட்பிரஸுக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பிளாகரில் பல வருடங்களாக எழுதியவற்றை வேர்ட்பிரஸுக்குக் கொண்டுபோகிறேன் (இரண்டுமே வலைப்பதிவு எழுத உதவுபவை). டொமைன் என்னுடையது, அது மாறாது. பிளாகர் தரும் எக்ஸ்எம்எல் பேக்கப்பை (எல்லாப் பதிவுகளும் அடங்கிய கோப்பு) வேர்ட்பிரஸில் இம்போர்ட் செய்தால் பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒழுங்காக வந்துவிடுகின்றன. அதுவரை சரி.

தலைவலி சுட்டிகளில்தான், அதாவது பதிவுகளின் இணைய முகவரிகளில். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பிளாகரில் கிடைக்கும் முகவரி வெறும் 'பிளாக்-போஸ்ட்', பின்னால் ஓர் எண். வேர்ட்பிரஸோ தமிழ்த் தலைப்பையே முகவரியாக்குகிறது. அந்த முகவரி சேமிக்கப்படும்போது எழுத்து, கால், புள்ளி என ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 இடங்களை எடுத்துக்கொள்ளும். மொத்த எல்லையே 200. கொஞ்சம் நீளமான தலைப்பு என்றால் பாதியில் அறுந்துவிடும். (தமிழில் தலைப்பு வைத்ததற்கு இப்படி ஒரு தண்டனை!)

பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) அமைப்பில் வருடம், மாதம், கடைசியில் எச்டிஎம்எல் என்று பழைய வடிவத்தையே வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பழைய 'பிளாக்-போஸ்ட்' பெயரை மொத்தமாகத் திரும்பக் கொடுப்பது எப்படி? இல்லை, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் தானாக அனுப்பும் 301 ரீடைரக்ட்தான் நல்லதா? நூற்றுக்கணக்கான பதிவுகள், கையால் முடியாது.

அப்புறம் படங்கள். அவை இன்னும் கூகுள் சர்வரிலிருந்தே வருகின்றன. எல்லாவற்றையும் வேர்ட்பிரஸின் மீடியா லைப்ரரிக்கு இறக்கி, பதிவுக்குள் இருக்கும் படச் சுட்டியையும் மாற்றித் தரும் பிளகின் (கூடுதல் நிரல்) யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? பெயர் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.