பேராசிரியர் அண்ணன் பாராட்டு விழா: துண்டறிக்கையில் திருத்தம், நிதி குறித்து ஒரு வேண்டுகோள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பேராசிரியர் அண்ணனுக்குக் கொருக்குப்பேட்டையில் எடுக்கவிருக்கும் விழாவுக்காகச் செயலாளர் அனுப்பிய நன்கொடைக் கடிதத்தையும் துண்டறிக்கை வரைவையும் படித்தேன். விழா எடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் 'லேசரைக் கண்டுபிடித்த வடசென்னைத் தமிழர்' என்ற வரியை அருள்கூர்ந்து அச்சுக்கு அனுப்பாதீர்கள். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை இயக்கிக் காட்டியவர் தியோடர் மெய்மன்; அன்று அண்ணன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நம் நாட்டில் பிறந்தவர் ஒருவரைச் சொல்ல விரும்பினால், பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்து, 1964இல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கிய குமார் படேலைச் சொல்லலாம். பிறர் செய்ததை அண்ணன் பெயரில் எழுதினால் அவர் மேடையிலேயே எழுந்து மறுப்பார். அவரை அந்த நிலைக்கு நாம் ஆளாக்கக் கூடாது.

இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர் எப்படிப் பொறியியல் பேராசிரியர் ஆவார் என்று மஸ்கட் மாமா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. லேசருக்கு முன்னோடியான மேசர் நுண்ணலையில் இயங்கியது. நுண்ணலைக் கருவிகளில் கைதேர்ந்தவர்களில் பலர் மின்பொறியாளர்கள். அதனால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் லேசர் ஆராய்ச்சி மின்பொறியியல் துறையிலும் வளர்ந்தது. கிண்டியில் மின்பொறியியல் முடித்த அண்ணன் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்.

அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது வெப்பத்தோடு. நியோடிமியம் கலந்த யாக் (YAG) என்ற செயற்கைப் படிகத் தண்டை விளக்கொளியால் தூண்டினால், செலுத்திய மின்சாரத்தில் நூற்றில் சில பங்கே லேசராக வெளிவரும். மிச்சத்தில் பெரும்பகுதி வெப்பமாகும். தண்டின் வெளிப்புறத்தைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விப்பதால் நடுப்பகுதி மட்டும் சூடேறி, ஒளிவிலகல் எண் மாறி, தண்டே ஒரு குவிவில்லையாகிவிடும். திறனைக் கூட்டக் கூட்டக் கற்றை கெடும். அளவு மீறினால் படிகமே வெடிக்கும். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது சட்டைப்பையிலிருந்து அப்படியொரு தண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பென்சில் பருமன், வெளிறிய கத்தரிப்பூ நிறம், முனைகள் இரண்டும் கண்ணாடிபோல் மெருகேறியிருந்தன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. தம் முதல் ஆண்டில் தம் கையால் உடைந்தது என்றார். நல்ல தண்டாக இருந்தால் முனையில் விரல் படவே விடமாட்டாராம். ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் லேசர் பாய்ந்ததும் கருகிவிடும் என்றார்.

1980களில் விளக்குக்குப் பதிலாகக் குறைகடத்தி லேசரால், 808 நானோமீட்டர் அலைநீளத்தில், படிகத்தைத் தூண்டும் முறை முன்னேறியது. படிகம் எந்த அலைநீளத்தை உறிஞ்சுமோ அதை மட்டும் கொடுப்பதால் வீண் வெப்பம் வெகுவாகக் குறைந்தது. அண்ணன் பத்தாண்டு பாடுபட்டதில் பாதி ஒரே மூச்சில் பழையதாயிற்று. அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. தம் மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறைகடத்தியைப் புதிதாகப் படித்தார். என் கணிப்பில் துண்டறிக்கையில் வர வேண்டிய செய்தி இதுதான். அவர் அப்பா பின்னி ஆலையில் இரவுப் பணி பார்த்துப் படிக்கவைத்ததும், விமானக் கட்டணத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தது யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எப்படி விடுபட்டது என்று நான் கேட்கப் போவதில்லை, விட்டவர்களுக்குத் தெரியும்.

இனி நிதி. போன மாதம் ஊருக்குப் போன என் தங்கை அண்ணனின் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். அண்ணனுடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இருந்த தகரப் பெட்டி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது முழங்கால் நீரில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. அடியிலிருந்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊதா மசி கரைந்து பக்கமெங்கும் பரவியிருக்கிறது. மேலே இருந்தவை படிக்கும்படி இருக்கின்றன. அலங்கார வளைவுக்கு ஒதுக்கிய இரண்டரை லட்சத்தை அந்த ஏடுகளைப் பிரித்து உலர்த்திப் படமெடுக்கவும், அவர் படித்த பள்ளிக்கு ஒரு சிறிய ஹீலியம்-நியான் லேசரும் ஒளியியல் மேசையும் வாங்கவும் செலவிட வேண்டுகிறேன். நான் 40,000 ரூபாய் தருகிறேன். கணக்கைக் கும்மிடிப்பூண்டி அண்ணன் எழுதட்டும். போன திருவிழா வசூலின் ரசீதுகளும் அவர் கைக்கு வந்த பிறகே பணம் அனுப்புவேன்.

திருத்திய துண்டறிக்கையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன். அதுவரை அச்சகத்துக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேட்டுத் தெரு தம்பி, சிங்கப்பூர்