காலி கோட்டையில் மாலை போட்டோஷூட்: முகம் இருட்டாகிறது, உதவி வேண்டும்

வரும் சனிக்கிழமை ஒரு புதுமணத் தம்பதியை இலங்கையின் காலி கோட்டையில், கடலோரம் இருக்கும் ஃபிளாக் ரொக் மதில்மேல் வைத்து எடுக்க வேண்டும். சூரியன் கடலில் இறங்குவது அவர்களுக்குப் பின்னால் தெரியவேண்டும். ஒத்திகையில் வானத்துக்கு ஏற்ப வெளிச்ச அளவு வைத்தால் முகம் கறுப்பு. முகத்துக்கு வைத்தால் வானம் வெள்ளை.

கெமரா நிக்கான் டி750, 85 மிமீ f/1.8 லென்ஸ், கையடக்க பிளாஷ் ஒன்று. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் f/2இல் வானத்துக்கு 1/1600 செக்கன் ஷட்டர் வேகம் தேவைப்படுகிறது. இந்தக் கெமராவில் சாதாரணமாக பிளாஷ் 1/200 வரைதான் ஒத்துப்போகும்; அந்த வேகத்தில் அதற்கு மேலும் பிளாஷை வேலைசெய்ய வைக்கும் ஹைஸ்பீடு சிங்க் போட்டால் பிளாஷின் பலம் போய்விடுகிறது. சரி என்று துவாரத்தைச் சுருக்கி f/5.6, 1/200க்கு வந்தேன். முகம் தெளிந்தது, ஆனால் பின்னால் மதிலில் நிற்கும் கூட்டமும் மங்காமல் கூர்மையாக விழுகிறது. முகத்துக்கு ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரை மதில்மேல் காற்று பிடித்துத் திருப்புகிறது. இரண்டு படத்தை ஒட்டிப் பார்த்தேன். பறக்கும் கூந்தல் ஓரம் பொருந்தவில்லை. வெளிச்சவீட்டுப் பக்கம் பார்த்து எடுத்தால் முகத்தில் பொன்வெயில் அழகாக விழுகிறது, ஆனாலும் அவர்கள் ஆசைப்படுவது கடல் சூரியனைத்தான். அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அங்கே எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு f/2, 1/200இல் எடுத்தால் இந்தச் சின்ன பிளாஷ் போதுமா, அல்லது 200 வாட்-செக்கன் பலமுள்ள பெரிய பிளாஷ் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா?