வில்ரூப்ட் இத்தாலியப் பட விழா: பிரெஞ்சு தெரியாமல் போகலாமா?

எஷ்_குமரன் கேட்டது:

வணக்கம். லக்சம்பர்க்கில் எஷ் ஊருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ரயில் நிலையத்தில் இத்தாலியத் திரைப்பட விழா என்று ஒரு சுவரொட்டி பார்த்தேன். நடப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில் வில்ரூப்ட் என்ற ஊரில். கல்லூரியில் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தவன் நான், அதனால் ஆசை வந்துவிட்டது. ஆனால் இத்தாலிய மொழி சுத்தமாகத் தெரியாது, பிரெஞ்சும் 'போன்ஜூர்', 'மெர்சி' அளவுதான். ஆங்கில சப்டைட்டில் இருக்குமா? மனைவியும் ஐந்து வயது மகளும் கூட வருவார்கள். இன்னொன்று, இவ்வளவு சின்ன ஊரில் எதற்கு இத்தாலிய விழா?

பாரிஸ்_ராகவ்:

படம் இத்தாலிய மொழியில் ஓடும், கீழே பிரெஞ்சு எழுத்து வரும். ஆங்கிலத்தை நம்பிப் போகாதீர்கள். நல்ல படம் என்றால் எப்படியும் பின்னால் ஓடிடியில் ஆங்கிலத்தோடு வரும், வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். நவம்பர் குளிரில் அந்த லொரேன் பகுதிப் பக்கம் அலைவது வீண்.

மல்லிகா_ஓதன்:

தம்பி குமரன், ராகவ் சொல்வதில் மொழி விஷயம் சரி. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் 19 வருடமாக ஓதன்-லெ-தீஷில் இருக்கிறேன், உங்கள் எஷ்ஷுக்கும் வில்ரூப்டுக்கும் நடுவில். சொந்த ஊர் புதுச்சேரி. தாத்தா 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அந்த வழியில்தான் எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமையும் மொழியும் வந்தன. எல்லை தாண்டி லக்சம்பர்க் மருத்துவமனை ஒன்றில் வேலை.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே மண்ணுக்குள் இருந்த இரும்புக் கல்லுக்கு 'மினெத்' என்று பெயர். பாஸ்பரஸ் அதிகம், அதனால் ரொம்ப நாள் அதை வைத்து நல்ல எஃகு செய்ய முடியவில்லை. 1870களின் கடைசியில் பாஸ்பரஸை நீக்கும் தாமஸ் முறை வந்தது, அதன் பிறகு உலை மேல் உலை எழும்பியது. தோண்டவும் உருக்கவும் ஆள் போதாமல் இத்தாலியர்கள் வந்து குவிந்தார்கள். அப்போது, 1871 முதல் 1918 வரை, ஓதன் ஜெர்மனியின் கையில், வில்ரூப்ட் பிரான்சில். இரண்டும் ஒட்டிய ஊர்கள். இன்றைக்கும் மாவட்டம் வேறு வேறுதான். எங்கள் ஊரில் அஞ்சல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பாதிப் பெயர் 'இ'யிலோ 'ஓ'விலோதான் முடியும். 2012இல் பிரான்சின் கலாசார அமைச்சரான ஒரேலி பிலிப்பெத்தி பிறந்தது வில்ரூப்டில், இத்தாலிய வம்சாவளிச் சுரங்கத் தொழிலாளி குடும்பத்தில்.

விழா தொடங்கியது 1976இல். எஃகுத் தொழில் ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. 1980களில் வில்ரூப்டின் மிஷ்வில் எஃகு ஆலையும் போயிற்று. பிரான்சின் கடைசி இரும்புச் சுரங்கம் எங்கள் ஓதனில்தான் இருந்தது, 1997இல் அதையும் மூடினார்கள். விழா மட்டும் நிற்கவில்லை. கான், வெனிஸ் போலச் சிவப்புக் கம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பரிசுக்குக்கூட 'அமில்கார்' என்றுதான் பெயர், இந்தப் பகுதிச் சிற்பி அமில்கார் சன்னோனியின் பெயர்.

எனக்கு இந்த விழா பழக்கமானது பக்கத்து வீட்டுப் பாட்டியால். அவருடைய அப்பா இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள உம்பிரியாவிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர். முதல் வருடம் துணைக்கு வா என்று கூப்பிட்டார், போனேன். அரங்கில் ஒரு விஷயம் கவனித்தேன்: சிரிப்பு இரண்டு தடவை வரும். திரையில் பேசி முடிப்பதற்குள் கிழவர்கள் சிரித்துவிடுவார்கள். கீழே எழுத்தைப் படித்து முடித்து மற்றவர்கள் சிரிக்க இன்னும் ஒரு நொடி ஆகும். என் வீட்டில் தமிழ்ப் படம் போட்டால் இதேதான், நான் முதல் சிரிப்பு, பிரெஞ்சு எழுத்தைப் படிக்கும் என் பெண் இரண்டாவது சிரிப்பு.

ஒரு தடவை நேபிள்ஸ் பேச்சில் ஒரு படம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், பாட்டியும் என்னைப் போலவே எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்! வீட்டில் பேசிய பேச்சு உம்பிரியாப் பேச்சு, இது அவருக்கே பிடிபடவில்லை. 2008இல் வந்த 'கோமோர்ரா' என்ற நேபிள்ஸ் பேச்சுப் படத்துக்கு இத்தாலிக்குள்ளேயே இத்தாலிய சப்டைட்டில் போட வேண்டியிருந்தது என்பதை அப்புறம்தான் படித்தேன். ஆகவே மொழி தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம், அந்த அரங்கில் நிறையப் பேர் அரைகுறைதான்.

மெல்பர்ன்_சுதா:

மல்லிகா அக்கா, இரண்டு தடவைச் சிரிப்பு இங்கேயும் உண்டு! ஆனால் இங்கே சப்டைட்டில் ஆங்கிலம். ஆஸ்திரேலியாவில் இத்தாலியப் பட விழா 2000இலிருந்து நடக்கிறது, சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், பெர்த் என்று ஊர் ஊராகப் போகும். நடப்பது ஊர்த் திருவிழா மாதிரி இல்லை, வழக்கமான தியேட்டர்களில்தான். படத்துக்கு முன்னால் மெல்பர்னில் இத்தாலியக் கடைகள் நிறைந்த லைகன் தெருவில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவோம், அதுதான் எங்கள் சடங்கு.

பாரிஸ்_ராகவ்:

சரி, அஞ்சல் பெட்டிக்காகவாவது ஒரு நாள் வருகிறேன். ஆனால் குமரனுக்கு பிரெஞ்சு தெரியாது என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறதே.

எஷ்_குமரன்:

அதேதான் அக்கா. மகளை என்ன செய்வது?

மல்லிகா_ஓதன்:

போகும் முன் படத்தின் கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிடுங்கள். வளவளவென்று பேசும் நகைச்சுவைப் படத்தை எடுக்காதீர்கள், எழுத்து ஓடுகிற வேகத்துக்கு எனக்கே மூச்சு வாங்கும். குடும்பக் கதை, சிறுவன் வரும் கதை என்றால் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். இருவரில் ஒருவர் படத்துக்கு, மற்றவர் மகளோடு பாஸ்தாவுக்கு, அடுத்த காட்சிக்கு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையை இருட்டில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் படம் பார்ப்பது நீங்கள் இல்லை, அக்கம்பக்கத்தார் உங்களைப் பார்ப்பார்கள்.

விழா அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நவம்பருக்குள் போகும். நவம்பர் 1 இங்கே விடுமுறை, அன்று கூட்டம் அதிகம். ஒரு வருடம் நான் முன்பதிவு செய்யாமல் அன்றைக்குப் போய், வாசலோடு திரும்பிவந்தேன். அதனால் வார நாளாகப் பாருங்கள். எஷ்ஷிலிருந்து ஓதனுக்கு ரயில் இருக்கிறது, ஏறினால் உடனே இறங்க வேண்டியதுதான். லக்சம்பர்க்குக்குள் 2020 மார்ச்சிலிருந்து பஸ், ரயில் எல்லாம் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும். ஓதனிலிருந்து வில்ரூப்டுக்கு நடக்கலாம்.

எஷ்_குமரன்:

ரொம்ப நன்றி அக்கா. பாட்டி இன்னும் வருகிறாரா?

மல்லிகா_ஓதன்:

வருகிறார், 91 வயது. முட்டி வலி, நடை முடியாது, அதனால் இப்போதெல்லாம் என் காரில்தான். முன்சீட் அவருக்கு, பின்னால் நீங்கள் மூன்று பேரும் உட்காரலாம். குழந்தை சீட்டை மட்டும் எடுத்துவாருங்கள், என்னிடம் இல்லை. மாலைக் காட்சி என்றால் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவோம். பாட்டிக்கு ஓரத்து நாற்காலிதான் வேண்டும், கிடைக்காவிட்டால் படம் முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.