ஒரு சொடுக்கு இரண்டாகும் பழுது: ‘அதிர்வா’, ‘துள்ளலா’?

வணக்கம்.

சுட்டிப் பழுதுபார்ப்புக்கான உதவிப் பக்கத்தைத் தமிழாக்குகையில் ஓரிடத்தில் நிற்கிறேன். பொத்தானை ஒருமுறை அழுத்த, கணினி இருமுறை என்று எடுத்துக்கொள்ளும் பழுது. கடைகளில் “மவுஸ் டபுள் கிளிக் அடிக்குது” என்பார்கள். ‘இரட்டைச் சொடுக்கு’ என்றே எழுதிவிடலாமா? அதற்குக் காரணமான பவுன்ஸுக்கு (பொத்தானின் தொடுமுனை விட்டுவிட்டுத் தொடுவது) ‘அதிர்வு’ என்றும், மருந்தான டிபவுன்ஸுக்கு (அதைக் கணக்கில் சேராமல் விலக்குவது) ‘அதிர்வுத் தணிப்பு’ என்றும் இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

---

> ‘இரட்டைச் சொடுக்கு’ என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம். கோப்பைத் திறக்க நாம் வேண்டுமென்றே செய்வது இரட்டைச் சொடுக்கு. அமைப்புகளில் ‘இரட்டைச் சொடுக்கு வேகம்’ என்று ஒன்று இருக்கிறது. பழுதுக்கும் அதே பெயர் வைத்தால் படிப்பவர் நேரே அங்கே போய் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். ‘போலிச் சொடுக்கு’ என்று வைக்கலாம். கை அழுத்தாமல் கணினி தானாக எண்ணிக்கொண்டது என்பது பெயரிலேயே விளங்கும்.

> பவுன்ஸுக்கு ‘அதிர்வு’

பொத்தானுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் மூடியைக் கழற்றினால் வளைத்துப் பொருத்திய மெல்லிய செம்புக்கலவைத் தகடு தெரியும். அழுத்தியதும் தகடு ‘டக்’கென்று புரண்டு தொடுமுனையில் மோதும். மோதிய இடத்தில் உடனே நிலைகொள்ளாது. கோலிக்குண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தால் டக், டக், டக்கென்று குதித்து அடங்குமே, அதுபோலச் சில மில்லிநொடிக்குள் பலமுறை விட்டுவிட்டுத் தொடும். ஆகவே ‘துள்ளல்’. அதிர்கிற பொருள் தொட்டபடியே அதிரலாம். இங்கே தொடுகை விட்டுப்போவதுதான் சங்கதியே. தவிர, ‘அதிர்வு’ கைபேசிக்குப் போய்ப் பல காலமாகிறது. முதல் இடத்தில் ‘தொடுமுனைத் துள்ளல்’ என்று முழுதாகவும் பிறகு ‘துள்ளல்’ என்றும் எழுதலாம்.

புதுச் சுட்டியிலும் துள்ளல் உண்டு. முதல் தொடுகைக்குப் பிறகு வரும் சில மில்லிநொடித் தடுமாற்றத்தைச் சுட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் உள்நிரல் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். லட்சக்கணக்கான சொடுக்குகளுக்குப் பின் தகடு தளர்ந்து தொடுமுனையில் களிம்பும் ஏறினால், துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டி நீளும். போலிச் சொடுக்கு அங்கே தொடங்குகிறது. (‘ஆக்சைடு படலம்’ என்று இழுக்க வேண்டாம். பாத்திரம் துலக்குகிறவர்களின் ‘களிம்பு’ போதும்.)

> ‘அதிர்வுத் தணிப்பு’

உள்நிரல் எதையும் தணிப்பதில்லை. தகடு துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மின்தேக்கி வைத்த சுற்றுக்கு வேண்டுமானால் ‘தணிப்பு’ பொருந்தும். இரண்டுக்கும் பொதுவாக நடப்பது, குறிகையிலிருந்து துள்ளல் விலக்கப்படுவது. எனவே ‘துள்ளல் நீக்கம்’. காத்திருக்கும் அளவு ‘துள்ளல் நீக்க நேரம்’. சில கேமிங் மவுஸ்களின் மென்பொருளில் இதை மாற்றலாம். 4 மில்லிநொடியை 12 ஆக்கினால் போலிச் சொடுக்கு மறையும். ‘மறையும்’ என்றே எழுதுங்கள், ‘தீரும்’ என்று எழுத வேண்டாம். சுவிட்ச் தேய்ந்துகொண்டுதான் போகும்.

---

துள்ளலுக்கு என் ஓட்டு. ஆனால் இதே காரணத்தால் வரும் எதிர்ப் பழுதுக்கும் பெயர் வேண்டும். கோப்பை இழுத்துக்கொண்டு போகும்போது விரல் எடுக்காமலே பாதியில் விழுந்துவிடுகிறது. தொடுகை ஒரு கணம் அற்றுப்போகிறது. கணினி அதை விடுவிப்பு என்று கொள்கிறது. ‘பிடி நழுவல்’ எப்படி?

சோதனையும் பக்கத்தில் வரட்டும். நீண்ட பத்தி ஒன்றை இடப்பொத்தானால் அழுத்திப் பிடித்து மெதுவாகத் தேர்ந்தெடுங்கள். 10 முறை செய்வதற்குள் தேர்வு அறுந்தால் பிடி நழுவல். அடுத்து, அமைப்புகளில் வலப்பொத்தானை முதன்மை ஆக்குங்கள். வலப்பொத்தானில் எல்லாம் ஒழுங்காக நடந்து, இடப்பொத்தான் இன்னும் தடுமாறினால் குறை சுவிட்சில். பழுது வலப்பக்கத்துக்குத் தாவினால் சுவிட்சைத் தொடாதீர்கள், மென்பொருளைப் பாருங்கள்.

சுவிட்ச் மாற்றுவோருக்கு ஓர் எச்சரிக்கை: மூன்று கால்களும் ஒரே வரிசை என்பதால் திருப்பிப் போட்டாலும் பலகையில் உட்கார்ந்துவிடும். மேலே அழுத்தும் குமிழ் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். பழையதைக் கழற்றுமுன் அது எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் பொத்தானின் நாக்கு குமிழில் படாது. திருகாணிகள் பெரும்பாலும் அடியிலுள்ள வழுக்குப்பட்டைக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. வடம் வெளியே நன்றாயிருந்து உள்ளே இழை அறுவதற்கு ‘உள்முறிவு’ என்று முன்மொழிகிறேன். பெரும்பாலும் வடம் சுட்டியைவிட்டு வெளிவரும் வளைவில் நேர்வது. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம், வெள்ளையும் பச்சையும் தரவு. அடியில் விளக்கு எரிந்தும் கணினி சுட்டியை அறியவில்லை என்றால் வெள்ளை, பச்சையில் உள்முறிவா என்று முதலில் பார்க்கலாம். விளக்கு எரியாததை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அகச்சிவப்பு விளக்குள்ள சுட்டி நல்ல நிலையிலும் கண்ணுக்கு இருட்டாகத்தான் இருக்கும்.

---

போலிச் சொடுக்கு, துள்ளல், துள்ளல் நீக்கம், உள்முறிவு நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். ‘பிடி நழுவல்’ பேச்சுக்கு நன்று. தலைப்பில் ‘இழுக்கையில் பிடி விடுதல்’ என்று விரித்து எழுதப்போகிறேன்.

எழுதிப் பார்க்கையில் ஒரு சங்கடம். ‘கீழுள்ள சுட்டியைச் சொடுக்கவும்’ என்ற வரியில் சுட்டி என்பது இணைப்பு. அடுத்த வரியில் ‘சுட்டியைக் கழற்றவும்’ என்று வருகிறது. இணைப்பையா கழற்றுவது? இந்தப் பக்கத்தில் மட்டும் இணைப்பை ‘இணைப்பு’ என்றே மாற்றிவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.