பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வர மறுக்கிறது, நீரில் கரும்புள்ளிகள் – உடனடி உதவி தேவை

புதிய_வளர்ப்பாளன்:
அனைவருக்கும் வணக்கம். என் பாம்பு மூன்று நாள்களாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. இன்று காலை நீரை மாற்றியபோது அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் கிடந்தன. இவை உண்ணிகளா, வெறும் அழுக்கா என்று எனக்குப் புரியவில்லை. பாம்பை நன்றாகக் கழுவிவிட்டேன். ஆனாலும் மாலைக்குள் மீண்டும் கிண்ணத்தில் இறங்கிவிட்டது. என்ன மருந்து போட வேண்டும் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

செதில்வாசி:
மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுங்கள், நண்பரே. எந்த இனப் பாம்பு, அதற்கு என்ன வயது, பெட்டியின் வெப்பநிலை எவ்வளவு, அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள், வேறு விலங்குகள் இருக்கின்றனவா, அண்மையில் புதிதாக எதையாவது பெட்டிக்குள் வைத்தீர்களா? சட்டை உரிக்கப்போகும் பாம்பும் நீரில் ஊறும், வெப்பம் தாங்காத பாம்பும் ஊறும் என்பதால் கிண்ணத்தில் கிடப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆனால் கரும்புள்ளிகளும் சேர்ந்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

ஈரக்காற்று:
பெரும்பாலும் ஈரப்பதம் குறைந்ததுதான் காரணமாக இருக்கும். காற்றில் ஈரம் போதாதபோது பாம்பு தானாகவே நீரைத் தேடிச் செல்லும். ஈரப்பதமானியை வைத்துப் பார்க்காமல் மருந்து அடிப்பது வீண் வேலை.

செதில்வாசி:
தாங்கள் எல்லா உரையாடல் இழைகளிலும் ஈரப்பதத்தையே காரணமாகச் சொல்கிறீர்கள், ஐயா. ஈரம் குறைந்தால் நீரில் கரும்புள்ளிகள் எப்படி வரும்?

மூத்த_அரவம்:
முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள், தம்பி. உண்ணி என்பது நாய், மாடுகளில் ஒட்டிக்கொண்டு பருத்துத் தொங்கும் பெரிய உயிரி. நீங்கள் பார்த்தது சிற்றுண்ணி. பாம்புச் சிற்றுண்ணியின் அறிவியல் பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். இரத்தம் குடித்து உப்பிய பெண் சிற்றுண்ணிகூட ஏறத்தாழ 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை.

கோழிக்கூடு:
கோழி வளர்ப்போர் இதைச் செள் என்பார்கள், அதுவும் தமிழ்தான். சொல்லைத் திருத்திவிட்டதால் பாம்பின் உடலிலிருந்து ஒன்றுகூட உதிரப் போவதில்லை.

மூத்த_அரவம்:
சொல் தவறினால் மருந்தும் தவறும். உண்ணி என்று சொல்லிக்கொண்டு போய், நாய்க்குப் போடும் உண்ணிப் பட்டையைப் பெட்டிக்குள் தொங்கவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். செள் என்றாலோ சிலர் பேனை நினைக்கிறார்கள், சிலர் தெள்ளுப்பூச்சியை நினைக்கிறார்கள்.

செதில்வாசி:
பட்டையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பிறகு பேசுவோம். புதிய_வளர்ப்பாளன் அவர்களே, வெள்ளைத் தாள் துண்டை நனைத்து, பாம்பைத் தலையிலிருந்து வால்வரை மெதுவாக அதனூடே ஊர்ந்து போகவிடுங்கள். தாளில் ஒட்டிய புள்ளியை நகத்தால் நசுக்கும்போது செம்பழுப்புக் கறை படிந்தால் அது இரத்தம், ஐயம் வேண்டாம். கண்ணைச் சுற்றியுள்ள மடிப்பு, தாடைக்கு அடியில் உள்ள பள்ளம், கழிவாய் ஓரம் ஆகிய இடங்களையும் கைவிளக்கால் பாருங்கள். மலைப்பாம்பு இனமானால் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகளையும் விட்டுவிடாதீர்கள். செதில்கள் சற்றே தூக்கியிருப்பதும், உடலில் சாம்பல் தூவியதுபோல் வெண்துகள்கள் தெரிவதும் அடையாளங்களே. அந்த வெண்துகள் சிற்றுண்ணிகளின் எச்சம்.

புதிய_வளர்ப்பாளன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு இனம்), வயது ஒன்றரை. வெப்பப்பக்கம் 32 டிகிரி, குளிர்ப்பக்கம் 26 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. அடியில் தேங்காய் நார்த்தூள் விரித்திருக்கிறேன். தாளில் ஏழெட்டுப் புள்ளிகள் ஒட்டின; நசுக்கியபோது கறை சிவப்பாகத்தான் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மரக்கட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைத்தேன்.

ஈரக்காற்று:
அப்படியானால் ஈரப்பதத்தில் குறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

நல்லெண்ணம்:
ஆலிவ் எண்ணெயை உடல் முழுதும் பூசுங்கள், சிற்றுண்ணிகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். நான் இதை மட்டுமே செய்து ஒழித்திருக்கிறேன்.

மூத்த_அரவம்:
எண்ணெய் பட்டவை சாகும், படாதவை பெட்டியின் மூலையில் உட்கார்ந்து முட்டையிடும். எண்ணெயோடு பாம்பு ஊர்ந்தால் நார்த்தூள் முழுவதும் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதையும் கழுவ வேண்டும். பாட்டி வைத்தியத்துக்குப் பாம்பு பொறுப்பாகாது.

நல்லெண்ணம்:
என் பாம்பு நலமாக இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் நஞ்சைவிட எண்ணெய் மேலானது.

செதில்வாசி:
இருவரும் பாம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சிற்றுண்ணியோ பெட்டியில் வாழ்கிறது. முட்டை, குஞ்சு, முதல் இளம்பருவம், இரண்டாம் இளம்பருவம், முதிர்ந்த உயிரி என ஐந்து நிலைகள் இதற்கு உண்டு. அவற்றுள் முதல் இளம்பருவமும் முதிர்ந்ததும் மட்டுமே இரத்தம் குடிக்கின்றன. மற்ற நிலைகளுக்குப் பாம்பே தேவையில்லை. பெண் வயிறு நிறைந்ததும் பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில், பெரும்பாலும் பெட்டியின் மேல்விளிம்பிலோ கட்டையின் வெடிப்பிலோ முட்டையிடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் 60 முதல் 80 வரை முட்டைகள் இடக்கூடும். பெட்டியின் வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்நிலை வரை ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். இணை சேராத பெண்கூட ஆண் குஞ்சுகளை ஈனும் என்பதால், ஒரே ஒரு பெண் கட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் குடும்பம் பெருகிவிடும். கழுவிய அன்றே பாம்பு மீண்டும் நீருக்குள் போனதற்குக் காரணம் இதுதான். நீரில் கிடக்கும்போதும் தலை வெளியே இருக்கிறது அல்லவா? தப்பியவை அங்கே ஏறிக்கொள்கின்றன.

புதிய_வளர்ப்பாளன்:
அப்படியானால் நான் இப்போது என்ன செய்வது?

செதில்வாசி:
இன்றே நார்த்தூள் முழுவதையும் உறையிலிட்டுக் கட்டி வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். கட்டையையும் எறிந்துவிடுங்கள், வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் பல நாள் உறைபெட்டியில் வையுங்கள். பெட்டியை வெந்நீராலும் சோப்பாலும் தேய்த்து, கதவுச் சட்டம், விளிம்பு, திருகு மறைந்த இடம் ஒவ்வொன்றையும் துடையுங்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் இவை பிழைப்பதில்லை. பிறகு வெள்ளைத் தாள் விரித்து, எளிதில் கழுவக்கூடிய பதுங்கிடம் ஒன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மட்டும் வையுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிக் குறித்துவையுங்கள். மருந்தைப் பொறுத்தவரை ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு.

வேகமான_தீர்வு:
இதற்கெல்லாம் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தை நீரில் கலந்து அறை முழுவதும் தெளியுங்கள், வேலை முடிந்தது.

புதிய_வளர்ப்பாளன்:
அறை முழுவதும் தெளிக்கலாமா? அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஆமையையும் வைத்திருக்கிறேன்.

செதில்வாசி:
தெளிக்கவே தெளிக்காதீர்கள்! பாம்புகளுக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி. ஆமை இருப்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேறு விலங்குகள் உண்டா என்று கேட்டதும் இதற்காகத்தான். உடனே ஆமையை வேறு அறைக்கு மாற்றுங்கள். பாம்பைத் தொட்ட கையோடும் துணியோடும் அதனிடம் போகாதீர்கள்.

மூத்த_அரவம்:
இந்த ஒரு விடயத்தில் செதில்வாசி சொல்வதே சரி. ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லித் தெளிப்பையும் பாம்பின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. துணியில் நனைத்துத் துடைப்பதே வழக்கம், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகுதான். பெர்மெத்ரின் கலந்த பூச்சிக்கொல்லி எதுவானாலும் பெட்டியில் தெளித்து, முற்றிலும் காய்ந்து காற்றோட்டம் பெற்ற பின்பே பாம்பை உள்ளே விட வேண்டும், அதுவரை தண்ணீர்க் கிண்ணம் வெளியே இருக்க வேண்டும்.

வேகமான_தீர்வு:
ஆமை இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கேள்வியில் இல்லையே.

கோழிக்கூடு:
கேள்வியில் பாம்பின் இனமும்தான் இல்லை. தெரியாதபோது கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

மண்புழு:
வேதிப்பொருள் வேண்டாம் என்பவர்கள் வேட்டைச் சிற்றுண்ணிகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அவை பாம்பைக் கடிக்காமல் மற்ற சிற்றுண்ணிகளைத் தின்னும். ஆனால் மருந்து தெளித்த பெட்டியில் விட்டால் அவையே முதலில் சாகும், ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

புதிய_வளர்ப்பாளன்:
மருத்துவரிடம் காட்டினேன். இரத்தச்சோகை இல்லை, தோலில் இலேசான அழற்சி மட்டும் இருக்கிறது என்றார். பெட்டியில் தெளிப்பதற்கு மருந்து கொடுத்து, ஒரு மாதம்வரை இடைவெளிவிட்டுத் தெளிக்கச் சொன்னார். ஆமை வேறு அறையில் இருக்கிறது. நேற்று தாளில் மூன்று புள்ளிகள், இன்று ஒன்று. பாம்பு கிண்ணத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. நன்றி.

நல்லெண்ணம்:
பொறுத்திருந்தால் எண்ணெயிலேயே போயிருக்கும்.

செதில்வாசி:
நல்ல செய்தி. புள்ளி இல்லாத நாள் வந்ததும் நார்த்தூளுக்குத் திரும்பிவிடாதீர்கள். குறைந்தது இன்னும் ஆறு வாரம் தாள் இருக்கட்டும். இனிமேல் புதிய பாம்பு வந்தால் தனி அறையில், தனிக் கருவிகளுடன், வெள்ளைத் தாளின் மேல் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். பராமரிப்பையும் எப்போதும் பழைய பாம்பிலிருந்து தொடங்கிப் புதியதில் முடியுங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: மரக்கட்டையை எறிந்தீர்களா, உறைபெட்டியில் வைத்தீர்களா?

செதில்வாசி (பதினொரு நாள் கழித்து):
கட்டையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், நண்பரே.