ஒபாமா ஜெயிச்ச அன்னைக்கு ரிச்மண்ட்ல நான் பாத்தது

2008 நவம்பர் 4, அமெரிக்காவுக்கு முதல் கறுப்பின ஜனாதிபதியா ஒபாமா ஜெயிச்ச நாள், நான் அப்ப வர்ஜீனியாவுல ரிச்மண்ட்ல வேலைல இருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறைய விட மாட்டோம்னு பிரிஞ்சு போன தென்மாநிலங்களுக்கு தலைநகரமா இருந்த ஊரு, அவங்க தளபதி ஜெனரல் லீயோட பெரிய குதிரைச் சிலை அப்பல்லாம் நடு ரோட்டுல நின்னுச்சு (2021லதான் எடுத்தாங்க). எச்1பி விசாங்கறதால எனக்கு ஓட்டு கிடையாது, ஆனா ஆபீஸ்ல வேற பேச்சே இல்ல.

எங்க டீம்ல ஒரு அம்மா, ஆப்ரிக்கன் அமெரிக்கன், ரிட்டயர் ஆகப் போற வயசு. பூத் காலைல ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க, இவங்க இருட்டோட போய் லைன்ல நின்னு ஓட்டு போட்டுட்டு நேரா ஆபீஸ் வந்தாங்க. வந்ததும் ஹேண்ட்பேக்ல இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து என் டேபிள்ல வெச்சாங்க. உள்ள பழுப்பேறின ஒரு துண்டுச் சீட்டு, மடிப்பு விட்டுப் போகாம டேப் ஒட்டி வெச்சிருக்காங்க, இங்க்ல ஒரு பேரு, பக்கத்துல 1.50ன்னு போட்டிருக்கு. அவங்கம்மா கட்டின போல் டாக்ஸ் ரசீதாம். ஓட்டு போடணும்னா வருஷத்துக்கு ஒன்றரை டாலர் வரி, அதுவும் மூணு வருஷத்துக்கு பாக்கி இல்லாம கட்டியிருக்கணும், வீட்டு வேலை செஞ்சு வயித்தக் கழுவுறவங்க எங்க போவாங்க, கறுப்பினத்தவங்க பூத் பக்கமே வரக்கூடாதுன்னு போட்ட சட்டம் அது. ஜனாதிபதி தேர்தலுக்கு அந்த வரி 1964லதான் போச்சு, மாநிலத் தேர்தலுக்கு 1966ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான். "எங்கம்மாவையும் இன்னைக்கு கூட்டிட்டுப் போனேன்"னாங்க. எனக்கு தொண்டைய அடச்சுருச்சு, அவங்க கையப் புடிச்சுக்கிட்டேன்.

ராத்திரி நண்பர் வீட்ல எல்லாரும் டிவி முன்னாடி. பதினொரு மணிக்கு ரிசல்ட் சொல்லிட்டாங்க, 1964க்கு அப்புறம் முதல் தடவையா வர்ஜீனியாவும் ஒபாமாவோட டெமாக்ரட் கட்சி பக்கம், சிகாகோ கூட்டத்துல கறுப்பினத்தவங்க உரிமைக்குப் போராடின ஜெஸ்ஸி ஜாக்சன் கண்ணு கலங்கி நிக்கிறாரு. அப்பன்னு பாத்து ஒரு அண்ணன், "ஒபாமாவோட அம்மா வெள்ளைக்காரி தானே, பாதிதானே, எதுக்கு கறுப்பர் கறுப்பர்னு குதிக்கிறாங்க"ன்னாரு. ஊர்ல இருந்து யாரு புதுசா வந்தாலும் கறுப்பினத்தவங்க இருக்கற இடத்தக் காட்டி "அந்த ஏரியாவுல வீடு பாக்காதீங்க"ன்னு சொல்றவரும் இவர்தான்.

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. அண்ணே, ஒபாமாவோட கறுப்பின அப்பாவும் வெள்ளைக்கார அம்மாவும் 1961ல ஹவாய்ல பண்ணின கல்யாணத்த இந்த வர்ஜீனியாவுல பண்ணியிருந்தா ஜெயிலு, கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் பண்ணக்கூடாதுங்கற அந்த சட்டமே 1967ல லவிங் தம்பதி கேஸ்லதான் செத்துச்சு, அன்னைக்கு யாரும் பாதின்னு விட்டு வெக்கலன்னேன். நம்மள மட்டும் என்ன சேத்துக்கிட்டாங்களா, 1923ல பகத் சிங் திண்டுங்கிறவரு இந்தியருங்கிறதால வெள்ளையர் கணக்குல வரமாட்டாருன்னு குடியுரிமையே இல்லைன்னுட்டாங்க. கறுப்பினத்தவங்க உரிமைக்காக அடி வாங்கி போராடின அந்த காலத்துலதான், 1965ல, குடியேற்றச் சட்டத்தையும் மாத்தினாங்க, அதுக்கப்புறம்தான் நம்ம ஆளுங்க இவ்வளவு பேரு இங்க வரவே முடிஞ்சுது. இது தெரியாம நாம அவங்களப் பத்தி இப்படி பேசுறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அவரு ஒண்ணும் சொல்லல. அவரு பொண்ணு, ஹைஸ்கூல் படிக்கிறா, "திண்ட் கேஸ் எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லவே இல்லையே அங்கிள்"னு பக்கத்துல வந்து உக்காந்துட்டா, ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்.

அன்னைக்கு அட்லாண்டா, சிகாகோ பக்கம் இருந்தவங்க உங்க ஆபீஸ்ல, அக்கம்பக்கத்துல என்ன பாத்தீங்கன்னு எழுதுங்க.